கொட்டியாரக் குடாவும் கார்த்திகைப் புயல்களும்

1659ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி, மசூலிப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல் கடும் புயலொன்றில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்றுவதற்காக அதன் நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதிய பாய்மரம் நாட்டுவதற்கும், அவ்வேலை முடியும்வரை சிறிது வணிகம் செய்வதற்கும் அக்கப்பல் அனுப்பப்பட்ட இடம் திருகோணமலையின் கொட்டியாரக் குடா. கப்பலின் தலைவர் ரொபேர்ட் நொக்ஸ். அதே பெயருடைய அவரது மகனும் உடன் வந்திருந்தார். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றனர். தந்தை மறு ஆண்டே கண்டிச் சீமையில் இறந்தார். ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய மகன் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல், பதினேழாம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இன்றுவரை புரட்டும் நூலாக இருக்கிறது. அவர்கள் பிடிபட்ட இடமென்று மூதூரில் ஒரு மரத்தடியைக் காட்டி, 1893இல் நினைவுக்கல் ஒன்றையும் நாட்டினர். ஊரார் அதை வெள்ளைக்காரன் மரம் என்றனர்.

நொக்ஸின் சிறைவாசம் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அவரைக் கொட்டியாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு கார்த்திகைப் புயல் என்பதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி இலங்கையைப் புரட்டிப்போட்டு, அதே கொட்டியாரப் பற்றை நீரில் ஆழ்த்தியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வெட்டப்பட்ட பாய்மரந்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு ஒருவகையில் புயலுக்கு அஞ்சிய கப்பல்களின் வரலாறு. சோழமண்டலக் கரையில் சென்னையிலோ புதுச்சேரியிலோ அக்காலத்தில் துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு, படகுகளில் சரக்கை இறக்க வேண்டும். ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கிவிட்டால் அங்கே நிற்கும் கப்பலுக்கு உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே வங்கக் கடலில் ஆதிக்கம் செலுத்த விரும்பிய ஒவ்வோர் ஐரோப்பிய வல்லரசுக்கும் மாரிகாலத்தில் ஒதுங்க ஓர் இடம் தேவைப்பட்டது. குன்றுகள் சூழ, ஆழமான நீருடன், எக்காற்றும் எளிதில் நுழையாத உள்துறைமுகம் கிழக்குக் கரையில் திருகோணமலை ஒன்றுதான்.

போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியதும், 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. 1782இல் நடந்ததையே இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் எட்வேட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினார். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சு அட்மிரல் சுப்ரன் அதை அவரிடமிருந்து பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே நடந்த கடற்சமர் எவருக்கும் தெளிவான வெற்றியைத் தரவில்லை. ஆயினும் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. மாரி தொடங்கியதும் ஹியூஸ் தம் கடற்படையுடன் பம்பாய்க்குப் போக நேர்ந்தது. கீழைக்கரை முழுவதும் ஆங்கிலேயக் கப்பற்படையின்றிக் கிடந்தது. ஒதுங்க இடமில்லாதவன் கடலையே விட்டுப் போக வேண்டியிருந்தது என்ற அந்தப் பாடத்தை இலண்டன் மறக்கவில்லை. 1795இல் மீண்டும் கைப்பற்றிய திருகோணமலையை, 1802ஆம் ஆண்டின் அமியன் உடன்படிக்கையில் மற்ற பல இடங்களைத் திருப்பிக் கொடுத்தபோதும், பிரித்தானியா விட்டுக்கொடுக்கவில்லை. 1957 ஒக்டோபரில் பண்டாரநாயக்க அரசு கடற்படைத் தளத்தைப் பொறுப்பேற்கும்வரை அது அவர்களிடமே இருந்தது.

காற்றை நம்பி ஓடிய கப்பல்கள் நீராவிக்கு மாறியபோது திருகோணமலையில் நிலக்கரி குவிந்தது. பின்னர் வின்ஸ்ரன் சேர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்த காலத்தில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. 1914இல் அவ்வரசு ஆங்கிலோ–பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பங்குகளை வாங்கியது. பாரசீகத்தில் தோண்டிய எண்ணெயைக் கீழ்த்திசைக் கடல்களில் எரிப்பதற்கு வழியில் ஒரு களஞ்சியம் வேண்டுமல்லவா? சீனன்குடாக் காட்டுக்குள் எழுந்த பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகள் அதற்காகக் கட்டப்பட்டவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கியொன்று அழிந்தது. எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும்.

இந்தத் தாங்கிகளைப் பற்றி எழுதப்பட்ட அரசியல் கட்டுரைகளை அடுக்கினால் அவற்றிலேயே ஒரு தாங்கி நிரம்பிவிடும். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இவை இடம்பெற்றன. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகைக்கு வழங்கப்பட்டன. 2022 ஜனவரியில் புதிய உடன்பாடு எழுதி, 61 தாங்கிகளைக் கூட்டு நிறுவனமொன்றுக்கும், 24ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14ஐ இந்திய நிறுவனத்துக்கும் எனப் பிரித்துக்கொண்டனர். ஒரு நூற்றாண்டு காலமாகத் திருகோணமலை மாவட்டத்தைப் பற்றிக் கொழும்பிலும் டெல்லியிலும் இலண்டனிலும் பேசியவர்கள் அநேகமாக எரிபொருளைப் பற்றியே பேசினார்கள். அந்த எரிபொருளில் திருகோணமலையான் எரித்தது எவ்வளவு? இலங்கையில் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு இன்றும் ஏறத்தாழ ஒரு தொன்தான். உலகச் சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் வாழும் ஒரு விவசாயக் குடும்பத்தின் பங்கு நாட்டின் சராசரியை எட்டுமா என்பதே ஐயம்.

நிற்க.

துறைமுகத்தின் தெற்குப் பக்கத்தில் வேறொரு வரலாறு உண்டு. அது நன்னீரின் வரலாறு. மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலோடு கலப்பது கொட்டியாரக் குடாவில். அதன் கிளையான வெருகல் ஆறு இன்னும் தெற்கே பிரிந்து போகிறது. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழைநீர் இந்தத் தாழ்நிலத்தின் வழியாகவே கடலை அடைய வேண்டும். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கோணேசர் கோவிலைத் திருத்தியவனும் கந்தளாய்க் குளத்தைக் கட்டியவனும் ஒருவனே என்று கூறி, குளமும் கோட்டமும் சேர்ந்து வரும் 'குளக்கோட்டன்' என்ற பெயரை அவனுக்குச் சூட்டியது கோணேசர் கல்வெட்டு மரபு. சிங்கள மரபு அக்குளத்தை வேறு மன்னர்களுக்கு உரியதாக்கும். யார் கட்டினாலும், நீரைக் கட்டி ஆள்வது கோவில் கட்டுவதற்கு நிகரான கடமை என்ற எண்ணம் அப்பெயரில் இருக்கிறது.

அதே கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, புயல் எதுவும் இல்லாத சித்திரை மாதத்தில், உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அணை என்றால் அதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதை அன்று இம்மாவட்டம் கற்றிருக்க வேண்டும்.

சூறாவளிகளும் புதியவை அல்ல. 1964 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் திருகோணமலையை ஒட்டிக் கரையேறி வடக்கைக் கடந்த சூறாவளியே தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற புகையிரதத்தைப் பயணிகளோடு கடலுக்குள் கொண்டுபோனது. தமிழகத்தில் அதைத் தனுஷ்கோடிப் புயல் என்கிறார்கள். அது முதலில் எங்கள் கரையில் ஏறியதென்பது அங்கு பலருக்குத் தெரியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. அதற்குப் பின் இலங்கையைத் தாக்கிய மிக வலிய சூறாவளி 2000 டிசம்பர் 26ஆம் திகதி திருகோணமலைக்கு அருகில் கரையேறியது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே திகதியில் ஆழிப்பேரலை வந்தது என்பதால், முன்னையதை ஊரே மறந்துவிட்டது.

நான் மறக்கவில்லை. ஒரு பத்திரிகையாளனாக அப்போது நிலாவெளி வீதியில் நடந்திருக்கிறேன். தலையிழந்த தென்னைகள், பாடசாலைக் கூரைகள் கிடந்த வயல்கள், நனைந்த நெல்லை வீதியில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள். இரண்டு பக்கச் செய்தியொன்றைத் தொலைநகலில் அனுப்பினேன். நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையில் அது நான்கு வரியாக வந்தது. அந்த வாரம் விடுதலைப் புலிகள் ஒருதலைப்பட்சமான யுத்த நிறுத்தம் அறிவித்திருந்தனர். முதற்பக்கம் முழுவதும் அதற்குப் போய்விட்டது. செய்தி ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் இந்த மாவட்டத்தில் மழையும் காற்றும் என்றைக்கும் நான்கு வரியாகவே இருந்து வந்திருக்கின்றன என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

போர் இந்த மக்களின் பாதுகாப்பை எவ்வாறு அரித்தது என்பதற்கு மாவிலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. வெருகல் ஆற்று நீரை வயல்களுக்குத் திருப்பும் அணைக்கட்டு அது. 2006 ஜூலையில் புலிகள் அதன் மடையை மூடினர். அரச படை நகர்ந்தது. நான்காம் ஈழப்போர் எனப்படுவது அங்கேதான் வெளிப்படையாகத் தொடங்கியது. செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் வீழ்ந்தது. மூதூர் கிழக்கின் தமிழ் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடினர். அவர்கள் திரும்பி வந்தபோது ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகியிருந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களில் ஆண்டுகள் கழிந்தன. 2011 தை மாத வெள்ளம் கிழக்கில் பத்து இலட்சம் பேரைப் பாதித்தபோதும் சம்பூர் மக்கள் முகாம்களிலேயே இருந்தனர். 2015இல்தான் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது.

அவர்களுடைய நிலத்துக்கு வேறொரு திட்டம் வைத்திருந்தார்கள். இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதாக இருந்தது. நிலக்கரி மீண்டும் கொட்டியாரக் குடாவுக்கு வரவிருந்தது. ஊர் மக்கள் எதிர்த்தனர். சூழலியலாளர் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2016 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலிருந்தபடியே நரேந்திர மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கான வேலையைத் தொடக்கி வைத்தனர். கரியைவிட வெயில் மேலானது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதுவும் அதே மக்களின் மண்ணில்தான் வருகிறது.

இனி டித்வாவுக்கு வருவோம். காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் அது 1978உடனோ 1964உடனோ ஒப்பிடத்தக்க சூறாவளியே அல்ல. கொன்றது மழை. சூடேறிய கடலின் மேல் உருவாகும் காற்று, ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதலாக நீராவியைச் சுமக்க வல்லது என்பது இயற்பியல். அவ்வாறு சுமந்ததைத் தீவின் மேல் மெல்ல நகர்ந்தபடி கொட்டியது டித்வா. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலான சாவுகள் மலையகத்திலும் அதன் அடிவாரங்களிலும் நிகழ்ந்தன. லயன் காம்பராக்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் அவற்றில் உண்டு.

மலையில் விழுந்த நீர் நின்றுவிடாது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று எண்பதுகளில் மகாவலித் திட்டத்தில் எழுப்பிய பெரும் அணைகள் கீழ்நாட்டை வெள்ளத்திலிருந்து காக்கும் என்றொரு நம்பிக்கை இருந்தது. சாதாரண மாரிக்கு அது சரி. நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழியும்போது வருகிற நீர் முழுவதும் கீழே வந்தே ஆகவேண்டும். மனம்பிட்டியைத் தாண்டி, சோமாவதியைச் சூழ்ந்து, நவம்பர் 30ஆம் திகதி அந்த நீர் மாவிலாற்றை அடைந்தது. அணைக்கட்டு உடைந்தது. சேருவில, வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியாப் பகுதிகள் வெள்ளத்தில் கிடந்தன. கட்டின் மேல் ஏறி நின்றவர்களை விமானப்படையும் கடற்படையும் மீட்டன. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நீரைத் தடுத்ததற்காகப் போர் மூண்ட அதே இடத்தில், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே நீரில் நின்றனர். எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியே வந்தன என்ற முறைப்பாடு இம்முறையும் எழுந்தது. முப்பது ஆண்டுகளாக இதே முறைப்பாட்டை எழுதி வருகிறேன்.

துறைமுகத்துக்கு என்ன நேர்ந்தது என்று வெளிநாட்டு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. குன்றுகள் இருந்த இடத்தில் இருக்கின்றன. கப்பல்களுக்கு அது இன்றும் 1782இல் இருந்த அதே புகலிடம்.

இதே மாவட்டம் வறட்சியிலும் வாடுவது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நாட்டை வாட்டிய வறட்சி நாற்பது ஆண்டுகளில் கண்டிராதது என்றார்கள். குளங்கள் வற்றி, பெரும்போக வேளாண்மையே பல இடங்களில் கைவிடப்பட்டது. அது முடியும் முன்பே 2017 மே மாதம் தெற்கிலும் மேற்கிலும் பெருவெள்ளம். அவ்வாண்டின் காலநிலை இடர்ப் பட்டியலில் ஜேர்மன்வொச் அமைப்பு இலங்கையை உலகில் இரண்டாம் இடத்தில் வைத்தது. முதலிடம் புவேட்டோ ரிக்கோவுக்கு. மூன்றாமிடம் டொமினிக்காவுக்கு. மூன்றும் தீவுகள். மூன்றும் பிறருடைய கொடிகளின் கீழ் நெடுங்காலம் இருந்தவை.

டித்வாவின் நேரடிச் சேதத்தை உலக வங்கி ஏறத்தாழ 410 கோடி அமெரிக்க டொலர் என மதிப்பிட்டது. 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாதெனக் கைவிரித்து, அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்த நாடு இது. டிசம்பரில் சர்வதேச நாணய நிதியம் அவசர உதவியாக 20 கோடி 60 இலட்சம் டொலர் வழங்க இணங்கியது. உதவி என்று எழுதினாலும் அது கடன். இழப்புக்கும் சேதத்துக்கும் என ஒரு நிதியம் அமைக்க 2022இல் எகிப்தின் ஷாம் எல் ஷேக் மாநாட்டில் நாடுகள் உடன்பட்டன. மாசுபடுத்திய நாடுகளுக்குச் சட்டப் பொறுப்பு உண்டு என்ற திசையில் 2025 ஜூலை 23ஆம் திகதி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றமும் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியது. நல்லவையே. ஆனால் சூறாவளி அடித்த நாட்டுக்கு உடனே வந்து சேரும் பணத்தில் பெரும்பகுதி இன்னும் வட்டியோடுதான் வருகிறது.

கொழும்பு மேல் மட்டும் பழி போடுவதும் சரியன்று, மேற்கு நாடுகள் மேல் மட்டும் போடுவதும் சரியன்று. கடலைச் சூடேற்றியது யார் என்பதற்கு ஒரு விடை. உடையக்கூடிய கட்டை உடையக்கூடியதாகவே விட்டது யார், வெள்ளம் ஏறும் நிலத்தில் திரும்பத் திரும்ப ஒரே மக்களைக் குடியேற்றியது யார் என்பதற்கு வேறு விடை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிவிட்டால் இரண்டு தரப்பாரும் தப்பித்துக்கொள்வார்கள்.

2025 ஏப்ரலில் சம்பூர் சூரிய மின்நிலையம் தொடங்கிய அதே நாளில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் ஒரு புரிந்துணர்வில் ஒப்பமிட்டன. தாங்கிகள் மீண்டும் நிரம்பக்கூடும்.

மார்கழி இறுதியில் ஈச்சிலம்பற்றிலுள்ள எனக்கு அறிமுகமான விவசாயி ஒருவரோடு தொலைபேசியில் பேசினேன். எழுபதைக் கடந்தவர். 2006இல் ஓடியவர், முகாமிலிருந்து திரும்பியவர். விதைத்த பெரும்போக நெல் முழுவதும் மண்மூடிப் போயிற்று.

"மூண்டு மாத நெல்லு கொஞ்சம் கடனுக்கு வாங்கி விதைச்சிருக்கிறன் தம்பி," என்றார். "வெள்ளம் வந்தா கட்டு உடையுது, கட்டு உடைஞ்சா சிறுபோகத்துக்குத் தண்ணி இல்லை. நீங்கள் பேப்பரில இருக்கிற ஆள். கட்டை எப்ப கட்டி முடிப்பினம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

விசாரித்துச் சொல்கிறேன் அண்ணை, என்றேன்.